நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரியும் வரிச் சண்டையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேர்தல் வருஷம் பிறந்துவிட்டால், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் நாஷுவா வட்டாரத்தில் எந்த விருந்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் கையில் தட்டோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீங்கதான் இதெல்லாம் கவனிப்பீங்களே, கொஞ்சம் சொல்லுங்க" என்று ஆரம்பிப்பார். பேச்சு எங்கே தொடங்கினாலும் வரியில் வந்து நிற்கும். டிவியைப் போட்டால் வரி, அஞ்சல் பெட்டியைத் திறந்தால் வரி, ஒரே கட்சிக்காரர்கள் அதை வைத்தே ஒருவரை ஒருவர் கிழிக்கிறார்கள், இது என்ன கூத்து என்பார்கள். அதே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

பிரைமரின்னா என்ன? நவம்பர்லதான் தேர்தல் இருக்கே, அதுக்கு முன்னாடி எதுக்கு இன்னொண்ணு?

நவம்பரில் நிற்கப்போகும் வேட்பாளர் யார் என்பதைக் கட்சி மேலிடம் முடிவு செய்யாமல் வாக்காளர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்வதுதான் பிரைமரி. நம் ஊரில் வேட்பாளர் பட்டியல் தலைமையகத்திலிருந்து வரும். இங்கே அந்தப் பட்டியலுக்கே ஒரு தேர்தல்.

நியூ ஹாம்ப்ஷயரில் இது இரண்டு விதம். அதிபர் வேட்பாளருக்கான பிரைமரி வருஷ ஆரம்பத்தில், குளிரும் பனியுமாக இருக்கும்போது நடக்கும். நாட்டிலேயே முதல் பிரைமரி எங்களுடையதாக இருக்க வேண்டும் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. கவர்னர், செனட்டர் போன்ற பதவிகளுக்கான மாநிலப் பிரைமரி தனி. கீழே வரும் அந்தப் பிரைமரிகள் எல்லாம் செப்டம்பரில் நடந்தவை. எந்தக் கட்சியிலும் சேராமல் பதிவு செய்துகொண்டவர்கள் இங்கே ஏராளம். அன்றைக்கு வாக்குச்சாவடியில் எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கி அவர்கள் ஓட்டுப் போடலாம். விளம்பரங்கள் பெரும்பாலும் குறி வைப்பது இவர்களைத்தான்.

ஒரே கட்சிக்காரங்கதானே, ஏன் பகையாளி மாதிரி திட்டிக்கிறாங்க?

ஒரே கட்சி என்பதால்தான். நவம்பரில் இவர் குடியரசுக் கட்சி, அவர் ஜனநாயகக் கட்சி என்ற அடையாளமே பாதி வேலையைச் செய்துவிடும். பிரைமரியில் அந்த வசதி கிடையாது. நிற்கிற ஐந்து பேரும் "நான் வரிக்கு எதிரி" என்று சொன்னால் வாக்காளர் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்? அதனால் "அவர் சொல்வதை நம்பாதீர்கள்" என்ற இடத்துக்குச் சண்டை நகர்ந்துவிடும்.

என் கணிப்பில், பிரைமரி வரி விளம்பரங்களில் முக்கால்வாசி வரியைப் பற்றியதே இல்லை, ஆளைப் பற்றியது. வரி என்பது அந்த ஆளை உரசிப் பார்க்கும் கல், அவ்வளவுதான்.

எதிர்மறைப் பிரசாரம்னா பொய்ப் பிரசாரம்தானே?

இல்லை. தன்னைப் பற்றிப் பேசாமல் எதிராளியின் குறையைப் பற்றிப் பேசினால் அது எதிர்மறைப் பிரசாரம். அந்தக் குறை முழு உண்மையாகவும் இருக்கலாம். "இவர் இந்த மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்தார்" என்பது தாக்குதல்தான், ஆனால் வாக்காளருக்குத் தெரிய வேண்டிய விஷயம். "எனக்கு என் குடும்பம்தான் உயிர்" என்று நாய்க்குட்டியோடு வரும் விளம்பரத்தை விட இதில் சரக்கு அதிகம்.

சுத்தப் பொய் குறைவு, ஏனென்றால் மாட்டிக்கொள்ளலாம். அதிகம் புழங்குவது அரை உண்மை. அதற்குக் கீழே நிறைய உதாரணம் வருகிறது.

நியூ ஹாம்ப்ஷயர்ல வரியே கிடையாதாமே? அப்புறம் என்ன வரிச் சண்டை?

வரி உண்டு. பொது விற்பனை வரி கிடையாது, சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. இந்த இரண்டுமே இல்லாத இன்னொரு மாநிலம் அலாஸ்கா மட்டும்தான். வட்டி, ஈவுத்தொகை மேல் ஒரு வரி இருந்தது. அதையும் படிப்படியாகக் குறைத்து 2025 ஜனவரி 1 முதல் எடுத்துவிட்டார்கள். ஆனால் ஓட்டலில் சாப்பிட்டுப் பில்லைப் பாருங்கள், 8.5 சதவீதம் போட்டிருப்பார்கள். தொழில் லாபத்துக்கு வரி உண்டு. சாராயக் கடையை மாநில அரசே நடத்தி அதிலும் சம்பாதிக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேல் சொத்து வரி. இங்கே வீடு வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரும்பாலான ஊர்களில் வருஷத்துக்கு இரண்டு முறை அந்தக் கவர் வரும், கோடையில் ஒன்று, டிசம்பரில் ஒன்று. வீட்டு மதிப்பில் ஆயிரம் டாலருக்கு இத்தனை டாலர் என்பது கணக்கு. உதாரணத்துக்கு 4,00,000 டாலர் வீட்டுக்கு ஆயிரத்துக்கு 20 என்று வைத்தால் வருஷத்துக்கு 8,000 டாலர். வேலை போனாலும் சரி, ஓய்வு பெற்றாலும் சரி, கட்டித்தான் ஆக வேண்டும். பில்லைப் பிரித்துப் பார்த்தால் ஊர், கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி), பள்ளி என்று தனித்தனியாகப் போட்டிருக்கும். பள்ளிக்கூடப் பங்கைப் பார்த்தால்தான் தலை சுற்றும்.

"தி பிளெட்ஜ்"னு ஒண்ணு சொல்றாங்களே, அது சட்டமா?

சட்டம் இல்லை, சம்பிரதாயம். "பொது விற்பனை வரியோ வருமான வரியோ வந்தால் தடுப்பேன்" என்று வேட்பாளர் கொடுக்கும் வாக்குறுதி. ஆனால் இங்கே அது சட்டத்தை விடக் கெட்டியாக நின்றிருக்கிறது.

இது வேர்விட்டதே ஒரு பிரைமரியில்தான். 1972இல் கவர்னராக இருந்த வால்டர் பீட்டர்சன் வருமான வரிக்கு ஆதரவாக இருந்தார். அவரைச் சொந்தக் கட்சியான குடியரசுக் கட்சியின் பிரைமரியிலேயே மெல்ட்ரிம் தாம்சன் தோற்கடித்தார். கோஷம் சின்னது: "வரியை வெட்டு". ஆங்கிலத்தில் எதுகையோடு மூன்றே சொல், சட்டென்று நாக்கில் ஒட்டும். பின்னால் நின்றவர் மான்செஸ்டர் யூனியன் லீடர் பத்திரிகையின் வில்லியம் லோப். முதல் பக்கத்திலேயே தலையங்கம் எழுதி ஆளைப் பெயர் சொல்லி விளாசுகிற மனிதர். மாநிலம் முழுக்கப் போகும் பத்திரிகை அது ஒன்றுதான் என்பதால் அவர் திட்டினால் மூலைமுடுக்கெல்லாம் கேட்கும். அதற்குப் பிறகு வந்த வேட்பாளர் ஒவ்வொருவரிடமும் கேட்கப்பட்ட முதல் கேள்வி, உறுதிமொழி எடுக்கிறாயா இல்லையா என்பதுதான்.

அப்போ அதை எடுக்காம யாருமே ஜெயிச்சதில்லையா?

ஒருவர் ஜெயித்திருக்கிறார். ஜீன் ஷஹீன் 1996இலும் 1998இலும் உறுதிமொழி எடுத்து கவர்னரானவர், 2000இல் மாட்டேன் என்று சொல்லியும் ஜெயித்தார். பள்ளிகளை ஊருக்கு ஊர் சொத்து வரியை நம்பி நடத்துவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1997இல் கிளேர்மான்ட் வழக்கில் சொல்லிவிட்டதால் பணத்துக்கு வழி தேட வேண்டிய நேரம் அது. 2001இல் 2.5 சதவீத விற்பனை வரி ஒன்றை அவர் முன்வைத்தார், சட்டமன்றம் தள்ளிவிட்டது. மறு வருஷம் செனட்டுக்கு நின்றபோது அந்த 2.5 சதவீதத்தை வைத்தே எதிரணி அடித்தது. தோற்றார்.

மற்றவர்கள் கதை சுருக்கம். ஹ்யூ கேலன் 1982இல் உறுதிமொழி எடுக்க மறுத்து ஜான் சுனுனுவிடம் பதவியை இழந்தார். மார்க் ஃபெர்னால்ட் வருமான வரி வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லி 2002இல் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியை ஜெயித்தார், நவம்பரில் பெரிய வித்தியாசத்தில் தோற்றார். 2012 ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் மேகி ஹாசன் உறுதிமொழி எடுத்தார், ஜாக்கி சில்லி மறுத்தார். ஹாசன் கவர்னரானார். ஆக இது குடியரசுக் கட்சியின் வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

எதுக்கெடுத்தாலும் 1988, 1988னு சொல்றாங்களே, அப்படி என்னதான் நடந்தது?

அதிபர் பதவிக்கு ரீகனுக்குப் பிறகு யார் என்று குடியரசுக் கட்சிக்குள் நடந்த போட்டி. ஒரு பக்கம் துணை அதிபர் ஜார்ஜ் புஷ் (அப்பா புஷ்), இன்னொரு பக்கம் செனட்டர் பாப் டோல். பிப்ரவரி 8 அன்று அயோவா மாநிலத்தில் (அங்கே பிரைமரி இல்லை, கட்சிக் கூட்டங்களில் ஓட்டு) டோல் 37 சதவீதம் எடுத்து முதலில் வந்தார். மதப் பிரசாரகர் பாட் ராபர்ட்சன் இரண்டாவது. துணை அதிபர் மூன்றாவது, வெறும் 19 சதவீதம். எட்டே நாளில் நியூ ஹாம்ப்ஷயர். இங்கேயும் தோற்றால் புஷ் கதை முடிந்தது என்று எல்லோரும் எழுதினார்கள். அவர் லாரி ஓட்டினார், மரக்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார், நானும் சாதாரண மனிதன்தான் என்று காட்ட என்னென்னவோ செய்தார்.

வேலை செய்தது ஒரு 30 விநாடி விளம்பரம். டோலின் முகம் இரண்டு, ஒன்றையொன்று பார்த்தபடி. ஒவ்வொரு விஷயமாக வரும்: சோவியத் யூனியனோடு ஏவுகணை ஒப்பந்தம், எண்ணெய் இறக்குமதிக் கட்டணம். ஒவ்வொன்றிலும் டோல் மதில்மேல் பூனை என்று குரல் சொல்லும். கடைசியில் வரி: புஷ் ஏற்ற மாட்டேன் என்கிறார், டோல் அப்படி வாக்குக் கொடுக்க மறுக்கிறார், அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷம். டோல் வரியை ஏற்றுவார் என்று விளம்பரம் எங்கேயும் சொல்லவில்லை. பார்க்கிறவரே சொல்லிக்கொள்ளும்படி விட்டுவிட்டது.

புஷ் முதலில் தயங்கினார். பிரசாரப் பொறுப்பாளர் லீ ஆட்வாட்டர், விளம்பரம் பார்த்துக்கொண்ட ராஜர் எய்ல்ஸ், அப்போதைய கவர்னர் சுனுனு எல்லோரும் சேர்ந்து சம்மதிக்க வைத்தார்கள். ஓட்டுக்கு முந்தைய சனி ஞாயிறில் டிவியைத் திறந்தால் இதுதான். பிப்ரவரி 16இல் புஷ் சுமார் 38, டோல் சுமார் 28.

சரி, அந்த விளம்பரம் உண்மையா பொய்யா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரு வார்த்தையில் முடியாது, அதுதான் அந்த விளம்பரத்தின் வெற்றி. வரியே ஏற்ற மாட்டேன் என்று ஒரேயடியாக வாக்குக் கொடுக்க டோல் மறுத்தது உண்மை. பற்றாக்குறை பெரிதாக இருக்கும்போது அப்படிச் சொல்வது பொறுப்பில்லை என்பது அவர் வாதம்.

விளம்பரம் சொல்லாமல் விட்டதைப் பாருங்கள். டோலை "வரி ஏற்றுகிறவர்" என்று எல்லோரும் நினைக்கக் காரணம், செனட் நிதிக் குழுத் தலைவராக 1982இல் அவர் நிறைவேற்றிய வரிச் சட்டம். அதே கட்சியின் நியூட் கிங்ரிச்கூட அவரை வரி வசூல்காரர் என்று கேலி செய்தவர்தான். ஆனால் அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் ரீகன். அப்போது ரீகனுக்குத் துணை அதிபர் யார்? புஷ். தன் அரசாங்கமே கையெழுத்திட்ட சட்டத்தின் கறையை எதிராளி சட்டையில் மட்டும் காட்டுவது என்றால் தனிச் சாமர்த்தியம் வேண்டும்.

டோல் ஏன் சும்மா இருந்தார்? பதிலுக்கு ஒண்ணு போட வேண்டியதுதானே?

நேரம் இல்லை. சனிக்கிழமை அடி விழுந்து செவ்வாய்க்கிழமை ஓட்டு. அந்தக் காலத்தில் பதில் விளம்பரம் படம் பிடித்து, ஒளிநாடாவை நிலையத்துக்கு அனுப்பி, வார இறுதியில் ஆளைப் பிடித்து நேரம் வாங்க வேண்டும். மாநிலத்துக்குள் பெரிய வணிக நிலையம் என்றால் மான்செஸ்டரின் 9ஆம் சேனல்தான். அதோடு டோலின் சொந்தக் கருத்துக்கணிப்பாளர் வேறு, ஜெயிக்கப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நேரம் இருந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பார்? "மாட்டேன்" என்று சொல்ல ஒரு விநாடி போதும். "பற்றாக்குறை இவ்வளவு, வரிச் சட்டத்தில் இருக்கும் ஓட்டைகளை அடைக்கலாம், விகிதத்தைத் தொட வேண்டாம்" என்று விளக்க ஐந்து நிமிஷம் வேண்டும். ஞாயிறு நடந்த விவாதத்தில் இது கண்முன்னே தெரிந்தது. டெலவேர் முன்னாள் கவர்னர் பீட் டூபான்ட், வரி ஏற்ற மாட்டேன் என்ற உறுதிமொழித் தாளை எடுத்து டோலிடம் நீட்டினார், கையெழுத்துப் போடுங்கள் என்று. டோல் அதை ஜார்ஜிடம் கொடுங்கள், நான் முதலில் படித்துப் பார்க்க வேண்டும் என்றார். படிக்காமல் கையெழுத்துப் போடாத மனிதர் என்று நாம் மெச்ச வேண்டிய இடம். வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது, விளம்பரம் சொன்ன மதில்மேல் பூனை நேரிலேயே வந்த மாதிரி இருந்தது.

அன்றிரவல்ல, தோற்ற இரவில்தான் டோல் வெடித்தார். என்பிசி டிவி நேரலையில் செய்தியாளர் டாம் பிரோகா, புஷ்ஷிடம் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்க, "ஆமாம், என்னைப் பற்றிப் பொய் சொல்வதை நிறுத்தச் சொல்லுங்கள்" என்ற மாதிரி முகம் இறுகச் சொன்னார். கோபம் நியாயம்தான். ஆனால் அடுத்த நாள் செய்தி புஷ்ஷின் விளம்பரம் பற்றி இல்லாமல் டோலின் கோபம் பற்றியதாகிவிட்டது.

வரி ஏத்த மாட்டேன்னு ஜெயிச்ச புஷ் சொன்னபடி நடந்தாரா?

இரண்டு வருஷம் நடந்தார். 1988 ஆகஸ்டில் நியூ ஆர்லியன்ஸ் மாநாட்டில் "என் உதட்டைப் பாருங்கள், புதிய வரி கிடையாது" என்று சொன்னது உலகப் புகழ். 1990இல் பற்றாக்குறை கழுத்தை நெரித்ததால் காங்கிரஸோடு உடன்பாட்டுக்கு வந்தார். உச்ச வரி விகிதம் 28இலிருந்து 31 சதவீதமானது. டோல் எதைச் சொல்ல மறுத்துத் தோற்றாரோ, அதைச் சொன்னவரால் காப்பாற்ற முடியவில்லை. அந்த உடன்பாட்டை செனட்டில் நின்று தாங்கிப் பிடித்தவர்களில் ஒருவர் அதே டோல்.

1992இல் அதே நியூ ஹாம்ப்ஷயர், அதே பிப்ரவரி. கட்சிக்குள்ளிருந்தே பாட் புக்கனன் எதிர்த்து நின்றார். புஷ்ஷின் அந்த "உதட்டைப் பாருங்கள்" காட்சியையே எடுத்து விளம்பரமாகப் போட்டார். எதிராளியின் வாயாலேயே எதிராளியை அடிப்பதை விட மலிவான விளம்பரம் கிடையாது. பதவியில் இருக்கும் அதிபருக்கு 53, புக்கனனுக்கு 37. ஜெயித்தும் தோற்ற மாதிரி ஆனது. நவம்பரில் கிளின்டனிடம் நிஜமாகவே தோற்றார்.

திட்டுறவருக்கே அடி விழுந்த கதை ஏதாவது இருக்கா?

இருக்கிறது. 1996இல் கோடீஸ்வரர் ஸ்டீவ் ஃபோர்ப்ஸ் எல்லோருக்கும் 17 சதவீதம் என்று ஒரே விகித வருமான வரியைத் தூக்கிக்கொண்டு வந்து, சொந்தப் பணத்தைக் கொட்டி டோலை விளம்பரத்தால் நொறுக்கினார். டோல் இந்த முறை உஷார். முன்னாலேயே வரி எதிர்ப்பு உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டிருந்தார் (படித்துப் பார்த்திருப்பார் என்று நம்புவோம்). கவர்னர் ஸ்டீவ் மெரிலை வைத்துப் பதில் விளம்பரம் போட்டார்: ஃபோர்ப்ஸ் திட்டம் வந்தால் நியூ ஹாம்ப்ஷயர்க் குடும்பங்கள் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும் என்று. இதில் விஷயம் இருந்தது. அந்தத் திட்டத்தில் வீட்டுக்கடன் வட்டிக்கும் உள்ளூர் சொத்து வரிக்கும் கழிவு கிடையாது. மேலே சொன்ன சொத்து வரிக் கவர் யார் வீட்டுக்கு வருகிறதோ அவர்களுக்கு இது சுருக்கென்று தைக்கும். இரண்டு பேரும் அடித்துக்கொண்டதில் புக்கனன் 27 சதவீதத்தோடு ஜெயித்துவிட்டார். டோல் 26. ஃபோர்ப்ஸ் 12 எடுத்து நாலாவது.

2008இல் மிட் ராம்னி, ஜான் மெக்கெய்ன் 2001, 2003 வரிக் குறைப்புகளை எதிர்த்து வாக்களித்தார் என்று இங்கே விளம்பரம் போட்டார். அது உண்மை. ஆனால் ராம்னி பல விஷயங்களில் நிலைப்பாட்டை மாற்றியவர் என்ற பெயர் ஏற்கெனவே இருந்தது. மெக்கெய்ன் வரிக் கணக்குக்குள் போகவே இல்லை. கான்கார்ட் மானிட்டர் பத்திரிகை ராம்னிக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்றே தலையங்கம் எழுதியிருந்தது. உள்ளூர்ப் பத்திரிகைகள் சொன்னதை மெக்கெய்ன் தன் விளம்பரத்தில் காட்டினார், வேலை முடிந்தது. மெக்கெய்ன் 37, ராம்னி 32. வரியைச் சொல்லி அடித்தவரிடம் ஆளைச் சொல்லித் திருப்பி அடித்தார். மேலே சொன்ன உரைகல் சமாசாரம் இதுதான்.

"இவர் 98 தடவை வரியை ஏத்த ஓட்டுப் போட்டார்"னு வருதே, அந்தக் கணக்கு எங்கேருந்து வருது?

98 என்ற எண்ணே உண்மைக் கதை. 2004இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜான் கெர்ரி மேல் மகன் புஷ்ஷின் பிரசாரம் இதைப் போட்டது. அது பிரைமரி இல்லை, பொதுத் தேர்தல், ஆனால் பாடம் ஒன்றுதான். முதலில் 350 தடவை என்றார்கள், பிறகு 98. விளம்பரங்களின் உண்மையைச் சரிபார்க்கும் ஃபேக்ட்செக் ஆட்கள் கிளறிப் பார்த்தால், ஒரே மசோதாமேல் நடந்த பல வாக்கெடுப்புகளைத் தனித்தனியாக எண்ணியிருந்தார்கள். 350இல் வரியைக் குறைக்க மறுத்த வாக்குகள்கூடச் சேர்த்தி. சட்டமன்றத்தில் ஒரு மசோதா பல கட்டமாக வாக்கெடுப்புக்கு வரும் என்பது நமக்குத் தோன்றாது. எண் பெரிதாக இருந்தால் என்னென்ன சேர்த்து எண்ணினார்கள் என்று கேளுங்கள்.

லைசன்ஸ் கட்டணத்தை ஏத்தினாலும் வரி ஏத்தினதாகுமா?

ஏற்றியவரைக் கேட்டால் ஆகாது, எதிராளியைக் கேட்டால் ஆகும். ராம்னி மாசசூசெட்ஸ் கவர்னராக இருந்தபோது கட்டணங்களைக் கூட்டினார், வரியை ஏற்றவில்லை என்றார். எதிர்த்தவர்கள் பெயரில் என்ன இருக்கிறது, பையிலிருந்து போவது பணம்தானே என்றார்கள்.

எனக்குப் பிடித்த கதை 1978. வரி எதிர்ப்பின் பிதாமகர் தாம்சன், கட்டி முடிக்காத சீபுரூக் அணுமின் நிலையத்துக்கான செலவை மின் கட்டணத்தோடு சேர்த்து வசூலிப்பதைத் தடுக்கும் மசோதாவை ரத்து செய்தார். அவரை எதிர்த்து நின்ற கேலன் அந்தக் கரண்ட் பில்லை வைத்தே பிரசாரம் செய்தார். வரியை வெட்டுகிறேன் என்று வந்தவர் கரண்ட் பில்லால் பதவியை இழந்தார்.

இப்படிப் பேசினா கேஸ் போட முடியாதா? டிவிக்காரங்க நிறுத்த மாட்டாங்களா?

வேட்பாளரே தன் பெயரில் போடும் விளம்பரத்தை நிலையம் தணிக்கை செய்யக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். பொய் என்று தெரிந்தாலும் ஒளிபரப்ப வேண்டும், அதனால் நிலையத்தின் மேல் அவதூறு வழக்கும் நிற்காது. வெளி அமைப்புகள் போடும் விளம்பரத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. எதிராளியின் வக்கீல் கடிதம் அனுப்பினால் சில சமயம் எடுத்துவிடுவார்கள்.

வேட்பாளர்மேல் அவதூறு வழக்கு போடலாம், ஜெயிப்பது அபூர்வம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1964 சல்லிவன் தீர்ப்பின்படி பொய் என்று தெரிந்தே அல்லது உண்மையா என்று கவலையே படாமல் சொன்னார் என்று நிரூபிக்க வேண்டும். தேர்தல் பொய்யைத் தண்டிக்க ஒஹையோ வைத்திருந்த சட்டத்தையே 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. "இந்த விளம்பரத்தை நான் ஆமோதிக்கிறேன்" என்று கடைசியில் ஒரு குரல் வருகிறதே, அது 2002 சட்டம், கூட்டாட்சிப் பதவிக்கு நிற்பவர்களுக்கு. 1988இல் அது இருந்திருந்தால் தயங்கிய புஷ் தன் வாயாலேயே அதைச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

சர்வேன்னு போன் வருது, "அவர் வரியை ஏத்தப்போறார்னு தெரிஞ்சா ஓட்டுப் போடுவீங்களா?"ன்னு கேக்கறாங்க. இது சர்வேயா?

கருத்துக் கேட்பது போல் கருத்தைத் திணிப்பது. யாருக்காகப் பேசுகிறோம் என்று அவர்கள் சொல்ல வேண்டும் என்று நியூ ஹாம்ப்ஷயரில் சட்டம் இருக்கிறது. கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கேள்வியிலேயே லைன் கட்டாகிவிடும்.

இவ்வளவு சேறு பார்த்தா ஜனங்க வெறுத்துப்போய் ஓட்டுப் போடவே வர மாட்டாங்கல்ல?

1990களில் சில ஆய்வாளர்கள் அப்படித்தான் சொன்னார்கள். 2007இல் ரிச்சர்ட் லாவும் கூட்டாளிகளும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தபோது, எதிர்மறை விளம்பரம் வாக்குப்பதிவைக் குறைக்கிறது என்பதற்கும் நம்பகமான ஆதாரம் கிடைக்கவில்லை, போட்டவருக்கு ஓட்டைக் கூட்டுகிறது என்பதற்கும் கிடைக்கவில்லை. மனதில் நன்றாகப் பதிகிறது என்பது மட்டும் தெரிந்தது.

என் கவலை வேறு. உறுதிமொழி எடுத்தாயா இல்லையா என்ற ஒரே கேள்வியில் எல்லாச் சண்டையும் முடிந்துவிடுவதால், அந்த டிசம்பர் கவர் ஏன் வருஷத்துக்கு வருஷம் கனமாகிறது என்று எந்த விளம்பரமும் கேட்பதில்லை. இல்லாத வரியைப் பற்றி ஐம்பது வருஷச் சண்டை, இருக்கிற வரியைப் பற்றி ஒரு அட்டைகூட என் அஞ்சல் பெட்டிக்கு வந்ததில்லை.

இவ்வளவு திட்டிக்கிட்டவங்க அப்புறம் எப்படி ஒரே மேடையில நிக்கறாங்க?

பிரைமரி முடிந்ததும் ஜெயித்தவரிடம் வேட்பாளர் இடம் இருக்கும், தோற்றவரிடம் ஓட்டு இருக்கும், இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் வேண்டும். சில நேரம் அதற்கு மேலும் இருக்கும். 1990 உடன்பாட்டில் டோல் புஷ்ஷுக்குத் தோள் கொடுத்ததை மேலே சொன்னேன். பிறகு நண்பர்களாகவே இருந்தார்கள்.

2018 டிசம்பரில் புஷ்ஷின் உடல் தலைநகரின் காங்கிரஸ் மண்டபத்தில் வைக்கப்பட்டிருந்தபோது 95 வயது டோலைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். உதவியாளர் தாங்கிப் பிடிக்க எழுந்து நின்றார். இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட வலது கை எழும்பாது, அதனால் இடது கையை உயர்த்தி பெட்டிக்கு சல்யூட் அடித்தார்.